கறுப்பு ஒரு காலையில், வெள்ளை ஐந்து வாரங்களில்: ஒரு பெரிய அரூப ஓவியம் தீட்டிய பதிவு

இந்த ஆண்டு பிப்ரவரி முதல் ஜூலை வரை, மதுரையில் எங்கள் வீட்டு மொட்டை மாடித் தகரக் கொட்டகையில், 120 செ.மீ. உயரமும் 150 செ.மீ. அகலமும் உள்ள ஒரு கித்தானில் கறுப்பு, வெள்ளை என்ற இரு வண்ணங்களை மட்டும் கொண்டு ஓர் அரூப ஓவியத்தைத் தீட்டி முடித்தேன். தோளிலிருந்து புறப்படும் உடலசைவே தீற்றலாகவும், அந்தத் தீற்றலே ஓவியத்தின் கட்டுமானமாகவும் நிற்கும் வகையைச் சேர்ந்த ஓவியம் அது. அவ்வகை ஓவியத்தைப் புத்தகங்களில் பார்த்துக்கொண்டிருந்தபோது புலப்படாத பல செய்திகள், கையில் நான்கு அங்குலப் பிரஷ்ஷுடன் கித்தானின் முன் நின்றபோதுதான் புலப்பட்டன. இதே முயற்சியில் இறங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால், கெட்டுப்போன முதல் கித்தானையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் வழிகாட்டியாகக் கொண்டது அமெரிக்க ஓவியர் ஃபிரான்ஸ் க்ளைனின் கறுப்பு வெள்ளை ஓவியங்களை. 1910ஆம் ஆண்டு பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் பிறந்த அவர், நாற்பது வயதை நெருங்கும்வரை நியூயார்க்கில் உருவங்களையும் நகரக் காட்சிகளையும் தீட்டிக்கொண்டிருந்தவர். 1948-49 வாக்கில், நண்பர் வில்லெம் டி கூனிங்கின் ஓவியக்கூடத்தில், சிறு படங்களைச் சுவரில் பெரிதாகக் காட்டும் ஒரு கருவியின் வழியாகத் தம்முடைய நாற்காலிக் கோட்டோவியம் ஒன்றைப் பார்த்தார் என்றும், நாற்காலி மறைந்து தீற்றல்கள் மட்டுமே மிஞ்சி நின்ற அந்தக் காட்சியே அவருடைய போக்கை மாற்றியது என்றும் வில்லெமின் மனைவியும் ஓவியருமான எலைன் டி கூனிங் பின்னாளில் எழுதியிருக்கிறார். 1950இல் ஈகன் காட்சியகத்தில் நடந்த க்ளைனின் முதல் தனிக் கண்காட்சியில் இடம்பெற்றவை புதிய கறுப்பு வெள்ளை ஓவியங்கள். அந்த ஆண்டின் ‘சீஃப்’ என்ற ஓவியத்துக்கு, அவர் சிறுவயதில் பார்த்த ஒரு ரயில் எஞ்சினின் பெயர்தான் வைக்கப்பட்டது. வீட்டுச் சுவருக்கு அடிக்கும் பெயின்டையும் அகலப் பிரஷ்ஷையும் அவர் பயன்படுத்தினார் என்பது எனக்குப் பெரிய துணிவைத் தந்தது, ஏனெனில் அவை இரண்டும் எங்கள் தெருமுனைக் கடையிலேயே கிடைப்பவை.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு அங்குல ரீப்பரைத் தச்சரிடம் கொடுத்து, துணி படும் பக்கத்தில் வெளிவிளிம்பு மட்டும் உயர்ந்தும் உள்விளிம்பு சரிந்தும் இருக்குமாறு இழைக்கச் சொன்னேன். இந்தச் சரிவு இல்லாவிட்டால், அழுத்தித் தீட்டும்போது உள்விளிம்பின் தடம் துணியின் முன்புறத்தில் கோடாகத் தெரியும். மூலைகள் சரியாக அமைந்துள்ளனவா என்பதை அறிய இரு மூலைவிட்டங்களையும் அளந்தேன். இரண்டும் 192 செ.மீ. வந்தன. நடுவில் ஒரு குறுக்குக் கட்டை வைத்தேன். கித்தானை ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் முதலில் பிடித்து, அங்கிருந்து மூலைகளை நோக்கி மாறி மாறி இழுத்து ஸ்டேப்ளர் அடித்த பிறகு, விரலால் சுண்டினால் மத்தளத்தைப் போல ஒலித்தது. வண்ணம் துணியில் பிடிப்பதற்கான வெள்ளை அடிப்பூச்சான அக்ரிலிக் ஜெஸ்ஸோவை இரண்டு பூச்சுகள் பூசி, இடையில் 220ஆம் எண் உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்தேன்.

மார்ச் மாதம் முழுவதும் சிறு வரைவுகளிலேயே கழிந்தது. க்ளைன் பழைய தொலைபேசிக் கையேட்டின் தாள்களில் மையால் வரைவுகளைத் தீட்டினார் என்று படித்திருந்ததால், நான் செய்தித்தாளை 16 செ.மீ.க்கு 20 செ.மீ. அளவில் வெட்டிக்கொண்டேன். கித்தானின் அளவு இதைப் போல் சரியாக 7.5 மடங்கு. அரை அங்குலப் பிரஷ்ஷால் சிறு தாளில் இழுக்கும் தீற்றல், பெரிய கித்தானில் ஏறத்தாழ நான்கு அங்குலத் தீற்றலாகும் என்பதால் பிரஷ் தேர்வும் இந்தக் கணக்கிலேயே முடிந்துவிட்டது. அச்செழுத்து நிறைந்த தாளில் தீட்டுவதில் ஒரு வசதி உண்டு. வெறும் தாளைக் கண்டதும் கைக்கு வரும் தயக்கம் அதில் வருவதில்லை. எழுத்துகளின் சாம்பல் நிறத்தின் மேல் கறுப்பு எங்கே கனமாக நிற்கிறது என்பதை மட்டும் கண் பார்க்கிறது. ஏறத்தாழ 60 வரைவுகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்தேன். இடப்பக்கத்தில் சற்றே சாய்ந்து நிற்கும் ஒரு தூண், அதன் தோளிலிருந்து வலப்புறக் கீழ்மூலையை நோக்கி இறங்கும் நீண்ட பட்டை, அந்தப் பட்டையை மூன்றில் இரண்டு பங்குத் தொலைவில் வெட்டிச் செல்லும் குட்டையான குறுக்குத் தீற்றல், இவ்வளவே அதில் இருந்தன. அந்த வரைவில் வெள்ளை என்று ஒன்று இல்லவே இல்லை என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை. அந்தக் கவனக்குறைவுக்கான விலையைப் பின்னால் ஐந்து வாரங்கள் கொடுத்தேன்.

முதல் கித்தானில் நான் செய்த தவறு, வரைவைக் கட்டம் போட்டுப் பெரிதாக்கியது. அந்த முறையில் அடிப்படையாகவே பிழை ஒன்றும் இல்லை. ஜெர்மனியில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த ஹான்ஸ் ஹார்டுங், விரைந்து தீட்டிய தம் சிறு வரைவுகளைக் கட்டம் போட்டே பெரிய கித்தான்களுக்கு மாற்றிப் பல ஆண்டுகள் தீட்டியவர். ஆனால் அவருடைய கைத்தேர்ச்சி எனக்கு இல்லை. கரித்துண்டால் வெளிக்கோடுகளை வரைந்துகொண்டு அவற்றுக்குள் கறுப்பை நிரப்பியபோது, என் பிரஷ் கோட்டைத் தாண்டாமல் இருப்பதிலேயே கருத்தாக இருந்தது. வரைவில் பாய்ந்து இறங்கிய பட்டை, கித்தானில் கருந்தார் பூசிய பலகையாக நின்றது. ஒரு தீற்றலின் விளிம்பு அதன் வேகத்தால் உண்டாவது. அதை முன்கூட்டியே கோடாக வரைந்துவிட்டால் பிரஷ் செய்வதற்கு வேலை எதுவும் மிஞ்சுவதில்லை.

அதே கித்தானில் வண்ணமும் கெட்டது. கறுப்புக்குச் சிந்தெடிக் எனாமல் பெயின்டைத் தடிமனாகப் பூசி, இரண்டு நாள் கழித்துத் தொட்டுப் பார்த்தபோது விரலில் ஒட்டாததால் காய்ந்துவிட்டது என்று நம்பி, அதன் மேல் எண்ணெய் வண்ணத்தில் வெள்ளையைத் தீட்டினேன். நான்காம் நாள் காலையில், காய்ச்சிய பாலின் மேல் படியும் ஆடையை ஒரு பக்கமாக ஒதுக்கினால் எப்படிச் சுருங்குமோ அப்படி, அந்தப் பகுதி முழுவதும் சுருங்கிக் கிடந்தது. எனாமல் பெயின்ட் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று மேற்பரப்பிலிருந்து கீழ்நோக்கி இறுகுவது. தடிமனாகப் பூசினால், குறிப்பாக ஏப்ரல் வெயிலில் தகரக் கூரையின் கீழ், மேலே தோல் விரைவில் மூடிக்கொள்ள, அடியில் பல நாட்களுக்கு ஈரம் அப்படியே இருக்கும். மேலே வரும் வண்ணத்திலுள்ள டர்பன்டைன் அந்தத் தோலை ஊறவைத்துத் தூக்கிவிடுகிறது. இதற்கு மருந்து எதுவும் இல்லை. ஸ்டேப்ளர் ஊசிகளைப் பிடுங்கித் துணியைக் கழற்றிவிட்டு, அதே சட்டத்தில் புதிய துணியை ஏற்றினேன்.

இந்தக் கட்டத்தில் எனக்கு உண்மையான உதவி வந்தது, எங்கள் பகுதியில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கடைப்பலகை எழுதி வந்த ஒரு பெரியவரிடமிருந்து. கொட்டகைக்கு வந்து கெட்டுப்போன கித்தானைச் சற்று நேரம் பார்த்தார். அதை எப்படித் தீட்டினேன் என்று காட்டச் சொன்னார். நான் பிரஷ்ஷைப் பேனாவைப் போலப் பிடித்து ஒரு பட்டையை இழுத்துக் காட்டியதும், “தம்பி, மணிக்கட்டைப் பூட்டிடுங்க. தோள் போற வழிக்குப் பிரஷ் தானா வரும். பாதியில நின்னு மூச்சு விட்டீங்கன்னா அந்த இடம் பெயின்ட்ல தெரிஞ்சுடும்” என்றார். “அண்ணே, கோடு போடாம எப்படி இடம் தெரியும்?” என்று கேட்டேன். “எங்க ஆரம்பிக்கிறது, எங்க முடிக்கிறது, இந்த ரெண்டு புள்ளி போதும். கண்ணு முடியற புள்ளியில இருக்கணும், பிரஷ்ல இருக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டு, தாம் பல ஆண்டுகள் பயன்படுத்திய நான்கு அங்குலப் பிரஷ் ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போனார். புதிய பிரஷ்ஷில் முடி உதிரும். அதன் நுனி ஒரே மட்டமாக இருப்பதால் தீற்றலின் முடிவு கத்தரித்தது போல நிற்கும். தேய்ந்த பிரஷ்ஷின் நுனி நடுவில் நீண்டும் ஓரங்களில் குறைந்தும் இருப்பதால், தீற்றல் முடியும் இடத்தில் முடிகள் பிரிந்து, கறுப்பு இழை இழையாக மெலிந்து மறைகிறது. நான் வரைவுகளில் விரும்பிய அந்த முடிவு, கடையில் வாங்கிய எந்தப் பிரஷ்ஷிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

மே மாதத்தின் முதல் மூன்று வாரங்களும் நான் வண்ணத்தைத் தொடவில்லை. மாடியின் கைப்பிடிச் சுவரில் 120-க்கு 150 செ.மீ. செவ்வகத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டு, அந்தப் பிரஷ்ஷைத் தண்ணீரில் தோய்த்து, அதே மூன்று தீற்றல்களைக் காலை ஐந்தரை மணியிலிருந்து திரும்பத் திரும்ப இழுத்துப் பழகினேன். சிமென்டில் தண்ணீர் கறுப்பாகத் தெரியும். வெயில் ஏற ஏறச் சில நிமிடங்களிலேயே மறைந்து, சுவர் மறுபடி வெறுமையாகிவிடும். செலவே இல்லாத இந்தப் பயிற்சியை, இதைப் படிப்பவர்கள் எல்லோருக்கும் மனமாரப் பரிந்துரைக்கிறேன். அதில் நான் கண்டுகொண்ட முதல் செய்தி, நீண்ட பட்டையை நின்ற இடத்திலிருந்து இழுக்க முடியாது என்பது. சிறு தாளில் அரை நொடியில் மணிக்கட்டு கடந்த 15 செ.மீ., பெரிய பரப்பில் 112 செ.மீ. ஆகிறது, வலது காலை ஓரடி பக்கவாட்டில் எடுத்து வைத்து, முழங்காலை மடக்கி இறங்கினால்தான் கை கடைசிவரை எட்டுகிறது. இரண்டாவது செய்தி, ஒருமுறை தோய்த்த பிரஷ் 60 அல்லது 70 செ.மீ. தொலைவுக்குமேல் ஈரத்தைத் தருவதில்லை. ஆகவே சிறு வரைவில் ஒரே மூச்சாகத் தெரிந்த பட்டை, பெரிதாகும்போது ஒரே தீற்றலாக இருக்கவே முடியாது.

இதை உணர்ந்த பிறகு க்ளைனின் ஓவியங்களின் படங்களைப் பெரிதாக்கி மறுபடி பார்த்தேன். 1956இல் தீட்டிய, 203 செ.மீ.க்கு 254 செ.மீ. அளவுள்ள ‘மஹோனிங்’ ஓவியத்தின் கனத்த உத்திரங்கள், ஒன்றன்மேல் ஒன்றாகப் பல முறை தீட்டப்பட்டவை என்பது அப்போது தெளிவாகத் தெரிந்தது. 1952 டிசம்பரில் கலை விமர்சகர் ஹரால்ட் ரோசன்பர்க் எழுதிய கட்டுரை, அக்காலத்து அமெரிக்க அரூப ஓவியர்களுக்குக் கித்தான் என்பது ஒரு செயல் நிகழும் களம் என்றது. அவர்களில் ஒருவரான ஜாக்சன் பொலாக் தரையில் விரித்த கித்தானைச் சுற்றி நடந்து வண்ணத்தைச் சொட்டுவதை ஹான்ஸ் நமுத் 1950இல் எடுத்த புகைப்படங்களும் அதற்கு முன்பே உலகைச் சுற்றத் தொடங்கியிருந்தன. இவற்றால், முன்யோசனை இல்லாமல் ஒரே வெறியில் கொட்டித் தீர்ப்பதே இவ்வகை ஓவியம் என்ற எண்ணம் பரவிவிட்டது. க்ளைனைப் பொறுத்தவரை அந்த எண்ணம் தவறானது என்பது என் உறுதியான கருத்து. வரைவும் திருத்தமும் நிறைந்த வேலை அது. வேகம் அதில் உண்மையாகவே இருக்கிறது. ஆனால் அது முழு வேலையின் ஒரு சிறு பகுதி.

இரண்டாம் கித்தானுக்கு வண்ணத் திட்டத்தை மாற்றினேன். கறுப்புக்குத் தண்ணீரில் கரையும் அக்ரிலிக், அடிப்பூச்சு வெள்ளைக்கு டைட்டானியம் அக்ரிலிக், இறுதியில் பளபளப்பு வேண்டிய இடங்களில் மட்டும் எண்ணெய் வண்ணம். நன்கு காய்ந்த அக்ரிலிக்கின் மேல் எண்ணெய் வண்ணம் நிற்கும். எண்ணெயின் மேல் அக்ரிலிக் நிற்காது. எண்ணெய் வெள்ளை வாங்கும்போது குழாயின் மேலுள்ள பெயரைக் கட்டாயம் படித்துப் பார்க்க வேண்டும். துத்தநாக வெள்ளை எண்ணெயில் காலப்போக்கில் மிகவும் நொறுங்கும் தன்மையைப் பெற்று, விரிசல் விட்டு, அடிப்பூச்சிலிருந்து பிரிந்துவிடுகிறது. அதனால் துத்தநாகம் கலக்காத டைட்டானியம் வெள்ளையையே வாங்கினேன்.

மே 24ஆம் தேதி காலை கறுப்பைத் தீட்டினேன். கித்தானைச் சுவரில் நிமிர்த்திப் பொருத்தி, ஆறு புள்ளிகளை மட்டும் பென்சிலால் வைத்தேன். வண்ணத்தின் பதம் இதில் மிக முக்கியமானது. இளகிய தயிரின் பதத்தில் இருந்தபோது பிரஷ்ஷிலிருந்து தாராளமாக இறங்கியது, ஆனால் செங்குத்துப் பரப்பில் வழியவில்லை. இன்னும் இரண்டு கரண்டி தண்ணீர் சேர்த்துப் பக்கத்துத் தாளில் சோதித்தபோது கால் நிமிடத்தில் கோடாக வழிந்தது. முதலில் தூண், கீழிருந்து மேலாக. அடுத்து நீண்ட பட்டையை இரண்டு பிரஷ்களில் எடுத்தேன்: முதல் பிரஷ் ஈரம் குறையும் இடத்தில் விலகியதும், பக்கத்தில் தோய்த்துத் தயாராக வைத்திருந்த இரண்டாவது பிரஷ் ஒரு சாண் முன்னாலிருந்தே தொடங்கி, ஈரத்தின் மேல் ஏறிச் சென்று பட்டையை முடித்தது. இணைப்பில் உண்டான தடிப்பு, ஒரு மூட்டைப் போல இயல்பாக அமைந்தது. குறுக்குத் தீற்றலைக் கடைசியாக, வலமிருந்து இடமாக இழுத்தேன். மூன்றுக்கும் சேர்த்து நான்கு நிமிடங்கள்கூட ஆகவில்லை. பத்தடி பின்னால் வந்து பார்த்தபோது, முதல் கித்தானில் இல்லாத உயிர் இதில் இருந்தது. எனக்கு மகிழ்ச்சி தாளவில்லை.

மறுநாள் காலை பார்த்தபோது, அது ஓவியமாக இல்லை. வெள்ளைத் துணியின் மேல் எழுதிய ஏதோ ஒரு பெரிய எழுத்தாக இருந்தது. கறுப்பு முன்னே நின்றது, வெள்ளை வெறும் காலியிடமாகப் பின்னே கிடந்தது. செய்தித்தாள் வரைவில் வெள்ளை இல்லாததன் விளைவு இதுதான். க்ளைன் தம்முடைய ஓவியங்களைப் பற்றி மீண்டும் மீண்டும் வலியுறுத்திய செய்தி, தாம் வெள்ளைக் கித்தானின் மேல் கறுப்புக் குறியை எழுதுவதில்லை, கறுப்பைப் போலவே வெள்ளையையும் தீட்டுகிறேன் என்பது. தம் ஓவியங்களைக் கிழக்காசிய எழுத்துக்கலையோடு ஒப்பிடுவதை அவர் ஏற்காததற்கும் காரணம் இதுவே. தமிழில் எழுத்துருவையும் அரூபத்தையும் ஒருசேரக் கையாண்டவர் என்று ஓவியர் ஆதிமூலத்தைச் சொல்வோம். கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்களிலிருந்து தொடங்கி, நூல்களுக்கும் இதழ்களுக்கும் தலைப்பெழுத்துகளை அமைத்து, பின்னர் வண்ண அரூபங்களுக்குச் சென்றவர் அவர். அந்த அரூபங்களில் எழுத்தின் சாயலே இல்லாமல் வண்ணம் பரப்பாக நிற்பதை நினைத்துக்கொண்டபோது, எழுத்தாக நிற்பதற்கும் பரப்பாக நிற்பதற்கும் உள்ள தொலைவு எனக்கு நன்றாக விளங்கியது.

ஆகவே, மே இறுதி வாரத்திலிருந்து ஜூன் முடிவு வரை வெள்ளையை மட்டுமே தீட்டினேன். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம், சில நாட்களில் ஒரே ஒரு தீற்றல். நீண்ட பட்டையின் கீழ்ப்புறம் முழுவதையும், பட்டை இறங்கும் அதே சாய்வில், மூன்றங்குலப் பிரஷ்ஷால் வெள்ளையைக் கறுப்பின் மேல் ஒரு விரற்கடை ஏற்றித் தீட்டினேன். அதுவரை கறுப்பு வெள்ளையை வெட்டிச் சென்ற இடத்தில், இப்போது வெள்ளை கறுப்பை அழுத்தி வந்தது. விளிம்பை அருகில் நின்று பார்த்தால், வெள்ளையின் முடித்தடங்கள் கறுப்பின் மேல் சீப்பால் வாரியது போலப் படிந்திருப்பதும், அவற்றின் இடுக்குகளில் அடிக்கறுப்பு நூல் நூலாகத் தெரிவதும் புலப்படும்.

தூணுக்கும் பட்டைக்கும் இடையிலுள்ள முக்கோண வெள்ளைதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. அது ஒரு சன்னல் திறப்பைப் போல ஆழமாகத் தெரிந்தது. நானோ அதைச் சுவராக முன்னே கொண்டுவர விரும்பினேன். தடிமனாகப் பூசிப் பார்த்தேன், மாறவில்லை. வெள்ளையில் கடுகளவு மஞ்சள் காவியைக் கலந்து சற்றே வெதுவெதுப்பான நிறமாக்கி, பிரஷ்ஷைக் கிடைமட்டமாகப் பிடித்துத் தீட்டியபோது, ஜெஸ்ஸோவின் நீலம் பாய்ந்த வெள்ளையிலிருந்து அது விலகி முன்னே வந்து நின்றது. தூணின் அகலத்தையும் வெள்ளையாலேயே 10 செ.மீ.யிலிருந்து 7 செ.மீ.யாகக் குறைத்தேன். ஓரிடத்தில் மறுபடி கறுப்பை வைத்து, அது காய்வதற்குள் வெள்ளை பட்டுச் சாம்பல் நிறமாயிற்று. அதைத் துடைக்கத் துணியை எடுத்தபோது, அந்தச் சாம்பல் மட்டுமே இரு வண்ணங்களும் ஒரே நேரத்தில் அங்கே இருந்ததைக் காட்டுகிறது என்று தோன்றியதால் அப்படியே விட்டுவிட்டேன். இன்றும் அந்த உள்ளங்கையளவு சாம்பல்தான் இந்த ஓவியத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

ஜூலை 2ஆம் தேதி, நீண்ட பட்டையின் மேல் பாதியிலும் குறுக்குத் தீற்றலின் நடுவிலும் எண்ணெய்க் கறுப்பை ஒருமுறை இழுத்தேன். அக்ரிலிக்கின் மங்கலான கறுப்புக்குப் பக்கத்தில் எண்ணெயின் மினுமினுப்பு வந்ததும், ஒரே கறுப்பு இரண்டு எடைகளாகப் பிரிந்தது. பார்ப்பவர் பக்கவாட்டில் நகர்ந்தால் மேல்பாதியில் வெளிச்சம் ஓடுகிறது. பிரஷ்ஷை டர்பன்டைனிலும் பிறகு சோப்பு நீரிலும் கழுவி, முடிகளைத் தாளில் சுற்றிப் பெரியவரிடம் திருப்பிக் கொடுக்கப் போனபோது, “வச்சுக்கங்க தம்பி, உங்க கைக்குப் பழகிருச்சு” என்று சொல்லிவிட்டார்.

இப்போது பதினொரு நாட்கள் ஆகின்றன. குறுக்குத் தீற்றலின் நடுவில், எண்ணெய்க் கறுப்பு சற்றுத் தடித்துவிட்ட இடத்தில், விரல் வைத்தால் இன்னும் ஒட்டுகிறது. தூசி படியாதபடி கித்தானின் முன்புறம் சுவரைப் பார்க்குமாறு ஒரு சாண் இடைவெளியில் சாய்த்து, மேலே பழைய வேட்டி ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறேன். காற்று போவதற்காகக் கொட்டகையின் வடக்குப் பக்கச் சாளரம் மட்டும் திறந்தே இருக்கிறது.